முத்திரை குத்திய கயிறு

முப்பத்திரண்டு வருஷம் நான் எடையளவு ஆய்வாளராக இருந்தவன். என்னைக் கண்டால் தராசுகள் தாமாகவே நேராக நிற்கும். என் சைக்கிள் மணி தெருமுனையில் கேட்டதுமே மளிகைக் கடைக்காரர்கள் படிக்கற்களைக் குளிப்பாட்டாத குறையாகத் துடைத்து வரிசையாக அடுக்கிவிடுவார்கள். ஒரு துணிக்கடை முதலாளி என்னைப் பார்த்த பயத்தில் மீட்டர் கோலை விழுங்கப் பார்த்தார். இதை என் மனைவி நம்ப மாட்டாள். நீங்களாவது நம்புங்கள்.

ஓய்வு பெற்ற பிறகு அளப்பதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. முதல் ஆறு மாதம் வீட்டில் இருந்த டம்ளர்களை அளந்தேன். கொள்ளளவு சரியில்லாத நான்கு டம்ளர்களை ஒதுக்கி வைத்தேன். ஐந்தாவதாக என்னை ஒதுக்கி வைக்கப்போவதாக மனைவி அறிவித்தாள். அவள் தையற்காரி. கழுத்தில் டேப்போடு பிறந்தவள் என்றே நினைக்கிறேன். தூங்கும்போதுகூட அது அவள் கழுத்தில்தான் கிடக்கும். ஒரே வீட்டில் இரண்டு அளவுக்காரர்கள் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் நாற்பது வருஷக் கல்யாண வாழ்க்கையே சாட்சி.

அப்படி இருக்கும்போதுதான் நர்ஸம்மா யூனிபார்ம் தைக்கக் கொடுக்க வந்தார். சுகாதார நிலையத்தில் வேலை. கடலுக்குள் சிதறிக் கிடக்கும் ஏழு தீவுகளின் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கண், காது, பல், எடை எல்லாம் பார்த்து வர வேண்டும், டாக்டர் வர முடியாது, தான் ஒருத்தியும் ஒரு பெட்டியும்தான் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பெட்டியில் ஒரு எடை மெஷின், ஒரு டார்ச், கண்ணை மூடிக்கொள்ளக் காகிதக் கோப்பைகள், கண் பார்க்கும் அட்டை, சில ரெடிமேட் கண்ணாடிகள். அவ்வளவுதான் அவருடைய ஆஸ்பத்திரி.

"டேப் ஒண்ணு வேணும்னு எழுதிக் கேட்டேன்க்கா. போன வருஷம் குடுத்த டேப்பு உப்புக்காத்துல துருப்பிடிச்சு பாதியில நின்னுடுச்சு. பிள்ளைங்க அட்டையில இருந்து ஆறு மீட்டர் தள்ளி நிக்கணும். அதுக்குத்தான்."

நான் உள்ளேயிருந்து பாய்ந்து வந்தேன். "டேப் எதுக்கு சிஸ்டர், நான் இருக்கேன்."

"படுத்து அளக்கப் போறீங்களா?" என்றாள் மனைவி, வாயில் ஊசியோடு. "நீங்க நீட்டிப் படுத்தாலும் ஒண்ணே முக்கா மீட்டர்தான் வரும்."

அன்று சாயங்காலமே வேலையைத் தொடங்கிவிட்டேன். மாடியில் சுவரில் ஒரு கொக்கி, எதிரே ஒரு இரும்புக் கம்பம். நடுவில் மனைவி துணி காயப்போடுகிற கொடிக்கயிறு. அந்தத் தூரம் சரியாக ஆறு மீட்டர் என்பதை வீடு கட்டியபோதே ஐந்து முறை அளந்து வைத்திருந்தேன். அந்தக் கயிற்றையே அவிழ்த்து, ஒரு நுனியில் ஈயத்தை உருக்கி வில்லையாக ஊற்றி, அதில் '6' என்று உளியால் குத்தினேன். மறுநுனி பிரியாமல் இருக்க நூல் சுற்றிக் கட்டினேன். நர்ஸம்மாவிடம் நீட்டியபோது ஒரு ராஜா வாளை நீட்டுவது போல இருந்தது என்று அவரே பிறகு சொன்னார். அவர் சொல்லாவிட்டாலும் அப்படித்தான் இருந்தது.

"முத்திரை விழுந்தாச்சு சிஸ்டர். இனிமே இந்தக் கயித்துல சந்தேகம்ங்கிற பேச்சுக்கே இடமில்ல."

"அப்ப என் கொடி?" என்றாள் மனைவி.

"நாட்டுக்காகக் கொஞ்ச நாள் ஈரத்துணியோட இரு."

எங்களை ஏற்றிப்போனவர் கேப்டன். அவருடைய படகு ஒரு பெரிய சோப்பு டப்பா அளவு. ஆனால் கேப்டன் என்று கூப்பிட்டால்தான் எஞ்சின் கிளம்பும். படகில் இருந்த கயிறுகள் எல்லாம் தொடை பருமன். பெட்டியைக் கட்ட மெல்லிசாக ஒன்று வேண்டும் என்று எங்கள் கயிற்றை வாங்கிக் கட்டினார். நானும் கொடுத்தேன். ஆறு மீட்டர் நீளத்துக்கு ஒரு வேலைதான் செய்ய வேண்டும் என்று சட்டமா?

நடுவில் வீடு திரும்பாமல், அங்கங்கேயே தங்கி, தீவு தீவாகப் போனோம். எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. ஒவ்வொரு தீவிலும் முதல் ஆளாக இறங்கி, மணலில் உட்கார்ந்து, பூமி ஆடுவதை நிறுத்தட்டும் என்று காத்திருப்பேன். சற்று நேரத்தில் கேப்டன் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வருவார். பெட்டியின் மேல் கயிறு அழகாகச் சுருட்டப்பட்டு, வில்லை மேலே தெரியும்படி இருக்கும். அதைப் பார்த்ததும் எனக்கு உயிர் வரும்.

வேலை சுலபம். வெளிச்சம் விழும் சுவரில் அட்டையைத் தொங்கவிடுவோம். மூன்று கால் உள்ள ஒரே எழுத்துதான் அட்டை முழுக்க. ஒரு இடத்தில் மேலே பார்க்கும், ஒரு இடத்தில் கீழே, ஒரு இடத்தில் பக்கவாட்டில். பிள்ளை ஒரு கண்ணைக் கோப்பையால் மூடிக்கொண்டு, மற்றக் கையின் மூன்று விரலை நீட்டி எழுத்து எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் காட்ட வேண்டும். படிக்கத் தெரியாத குழந்தைகூடச் செய்யலாம். ஆறு மீட்டரில் நின்று, குறிப்பிட்ட வரியில் ஐந்துக்கு நாலு சரியாகக் காட்டினால் கண் நல்ல கண். இல்லாவிட்டால் நர்ஸம்மா பேரை எழுதி மேற்கொண்டு பார்ப்பார். அட்டையருகே வில்லையைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் பொறுப்பு. கயிற்றின் மறுநுனி எங்கே போய் நிற்கிறதோ அங்கே பிள்ளை நிற்கும்.

முதல் தீவில் வகுப்பறை சின்னது. கயிறு வாசலைத் தாண்டி முற்றத்துக்குப் போய்விட்டது. பிள்ளைகள் வெயிலில் ஓர் ஆட்டுக்குப் பக்கத்தில் நின்று விரல் காட்டினார்கள். ஆடும் காட்டியிருக்கும், விரல் இல்லாமல் போயிற்று. நான்காம் தீவில் வாசற்படியோடு நின்றது. ஏழாம் தீவில் கயிறு அறைக்குள்ளேயே அடங்கிவிட்டது. "இந்தப் பள்ளிக்கூடத்தைக் கட்டின கொத்தனார் கையில மோதிரம் போடணும்" என்று பாராட்டினேன். நர்ஸம்மாகூட, "எல்லா ரூமும் இப்படி இருந்தா எவ்வளவு நல்லாருக்கும்" என்றார்.

அந்த ஏழாம் தீவில்தான் ரேடியோ இருந்தாள்.

ஒன்பது வயது. டீச்சர் ஒரு முறை வாய்விட்டுச் சொன்னால் போதும், அச்சுப் பிசகாமல் திருப்பிச் சொல்வாள். தும்மலோடு சேர்த்துச் சொல்வாள். அதனால் அந்தப் பேர். ஆனால் கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொன்னால் நோட்டில் வேறு ஏதோ ஊர்வலம் போகும். உயரமானவள் என்பதால் கடைசி வரிசை. இரண்டு வருஷமாக எழுத்துப் பரீட்சையில் முட்டை.

டீச்சர் எங்களை ஓரமாக அழைத்து விஷயத்தைச் சொன்னார். பெண்ணின் அப்பா மீன்பிடிப்பவர். படிப்பு ஏறவில்லை என்று அவளை அக்கரையில் இருக்கும் அத்தை வீட்டுக்கு, அங்கே உள்ள இரண்டு கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அனுப்பிவிடுவதாக இருந்தார். டீச்சர்தான் கெஞ்சி நிறுத்தி வைத்திருந்தார். 'கண் பார்க்க ஆள் வருது. கண்ணுல கோளாறு இருந்தா பிள்ளைமேல தப்பில்ல. அதுவரைக்கும் பொறுங்க' என்று. அவரும் நியாயமாகப் பொறுத்திருந்தார். அன்று வாசலில் வந்து நின்றதே முடிவு கேட்கத்தான்.

ரேடியோ கயிற்று முனையில் நின்றாள். பெரிய எழுத்துகளைப் பட்பட்டென்று காட்டினாள். கடைசி வரியில் தயங்கி, கண்ணை இடுக்கி, தலையைச் சாய்த்து, காட்டினாள். ஐந்துக்கு நாலு. மற்றக் கண்ணிலும் நாலு.

"சார், ரொம்பக் கண்ணை இடுக்குறா" என்றார் நர்ஸம்மா மெதுவாக. "இன்னொரு தடவை பாக்கலாமா?"

"நாலு சரி சிஸ்டர். நாலுன்னா பாஸ். நாம பாவம் புண்ணியம் பாத்து அளவை மாத்தினா அப்புறம் அளவு எதுக்கு?"

வாசலிலிருந்து அப்பா கேட்டார்: "அப்ப கண்ணு நல்லாருக்குங்களா?"

அத்தோடு வாயை மூடியிருக்கலாம். முப்பத்திரண்டு வருஷப் பழக்கம். வில்லையைத் தூக்கிக் காட்டி, "தங்கமான கண்ணு. நான் உத்தரவாதம்" என்றேன்.

அவர் தலையாட்டினார். "கேட்டுக்கிட்டீங்கல்ல டீச்சர். வியாழக்கிழமை லாஞ்சுல அனுப்பிடுறேன்."

டீச்சர் ஏற்கனவே சுத்தமாக இருந்த கரும்பலகையை இன்னொரு முறை துடைத்தார். ரேடியோ என் குரலிலேயே, "தங்கமான கண்ணு. நான் உத்தரவாதம்" என்று முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டாள்.

அது திங்கட்கிழமை. ஏழு தீவும் முடிந்தது. மொத்தம் முன்னூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள்; அன்று இரவுச் சாப்பாட்டில் மனைவியிடம் சொன்னபோது மூவாயிரம். கண்ணில் குறை கண்டுபிடித்தது ஒன்பது பேருக்கு. மற்ற அத்தனை பேருக்கும் கண் அருமை. அந்தக் கடல் காற்றே கண்ணுக்கு மருந்து என்று புதிதாக ஒரு கொள்கைகூட வகுத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை மாடியிலிருந்து மனைவி கூப்பிட்டாள்.

"என்னங்க, இங்க வாங்க. கம்பம் நகந்திருக்கா?"

போய்ப் பார்த்தேன். கயிற்றைக் கொக்கியில் மாட்டிவிட்டு, மறுநுனியைக் கையில் பிடித்தபடி மாடி நடுவில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கும் கம்பத்துக்கும் நடுவில் ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கலாம்.

"கம்பம் எப்படி நகரும்? நீ சரியா இழுக்கல."

"வாங்க, நீங்க இழுங்க."

இழுத்தேன். கொக்கிதான் வருவதாக இருந்தது.

"வீடு வளந்திருக்கும்" என்றேன். "வில்லையைப் பாரு. ஆறுன்னு போட்டிருக்கு. கயித்துமேல சந்தேகப்பட முடியாது. கம்பத்தைத்தான் விசாரிக்கணும்."

அவள் கழுத்திலிருந்து டேப்பை உருவினாள். அது ஒன்றரை மீட்டர் டேப். ஒன்றரை, மூன்று என்று விரலால் பிடித்துப் பிடித்து நகர்ந்தாள். அப்புறம் நிமிர்ந்தாள்.

"நாலு. மிச்ச ரெண்டு மீட்டரை நீங்க தின்னுட்டீங்களா?"

மறுநுனியைப் பார்த்தேன். நான் நூல் சுற்றிக் கட்டிய நுனி இல்லை. கத்தியால் அறுத்த நுனி. பிரி பிரியாக விரிந்து கிடந்தது.

இந்த இடத்தில் நான் எதையும் கூட்டிச் சொல்லப்போவதில்லை. மாடித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஏழாம் தீவில் கயிறு ஏன் அறைக்குள் அடங்கியது என்று புரிந்தது. அவள் ஏன் கண்ணை இடுக்கினாள் என்று புரிந்தது. அத்தனை கிட்டத்திலிருந்தே இடுக்கித்தான் பார்க்க முடிந்திருக்கிறது. வியாழக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

மனைவி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கிண்டல் எதுவும் வரவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "எழுந்திரிங்க. சட்டையை மாட்டுங்க" என்றாள்.

சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா முழுவதையும் கேட்டார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ரிஜிஸ்டரைத் திறந்து, 'சரி' என்று போட்டிருந்த பேர்களை விரலால் எண்ணினார்.

"முன்னூத்தி மூணு பேர் சார். எல்லாரையும் திரும்பப் பாக்கணும்."

"பாக்கலாம் சிஸ்டர். நான் நீந்தியாவது வரேன். ஆனா மொதல்ல அந்தப் பொண்ணு. நாளைக்கே போகணும்."

"நானும் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்" என்றார் அவர். "சந்தேகம் வந்துச்சு. உங்க வில்லையைப் பாத்து அடங்கிட்டேன். தப்பு உங்களுது மட்டும் இல்ல."

இதைவிட அவர் என்னை இரண்டு அறை அறைந்திருக்கலாம்.

படகுத்துறையில் கேப்டன் எஞ்சினைப் பிரித்துப் போட்டு எண்ணெய்க்குள் குளித்துக்கொண்டிருந்தார்.

"கேப்டன், என் கயிறு ரெண்டு மீட்டர் எங்க போச்சு?"

"எந்தக் கயிறு ஐயா? ஓ, அதுவா. உப்புத்தண்ணி பட்டா முடிச்சு கல்லாயிடும் ஐயா. பல்லால கடிச்சும் பாத்தேன், பல்லுதான் ஆடுச்சு. அதான் ஒவ்வொரு கரையிலயும் முடிச்சை மட்டும் அறுத்து எடுத்தேன். தடவைக்கு ஒரு சாண், அதுக்குமேல ஒரு விரக்கடை. அவ்வளவுதான்."

"அளக்குற கயித்தை யாராவது அறுப்பாங்களா?"

அவர் உண்மையாகவே மனம் புண்பட்டுப் போனார். "முத்திரைப் பக்கம் கையே வைக்கலியே ஐயா. எட்டுத் தடவையும் மறுபக்கந்தான் அறுத்தேன். உங்கமேல அவ்வளவு மரியாதை. முத்திரைதானே அளவு? அது அப்படியே இருக்கே."

முத்திரை இருந்தால் சரி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான்தான். கேப்டன் ஒருவர்தான் அதை முழுசாக நம்பியிருக்கிறார்.

புதன்கிழமை காலையில் எங்களோடு மனைவியும் படகில் ஏறினாள். "எனக்கும் கடல் ஒத்துக்காது" என்றாள். "ஆனா உங்க அளவு அதைவிட ஒத்துக்காது."

அன்று அலை ஒவ்வொன்றும் மூன்று மாடி உயரம். என் மீசை காற்றில் பக்கத்துத் தீவு வரைக்கும் போய்விட்டு வந்தது. நர்ஸம்மாவைக் கேட்டால் அலை முழங்கால் உயரம்தான் என்பார். அவருக்கு அளவு தெரியாது என்று எழுதத்தான் கை வருகிறது. எழுதுகிற தகுதி இப்போது எனக்கு இல்லை. பெட்டியைக் கட்டாமல் மனைவி மடியில் வைத்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்தில் ரேடியோ இல்லை. மூட்டை கட்ட வேண்டும் என்று அன்றைக்கே நிறுத்திவிட்டார்களாம். டீச்சர் சேதி சொல்லி அனுப்ப, சற்று நேரத்தில் அப்பா அவளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். வலை பின்னிக்கொண்டிருந்த கை. விரலில் நூல் இன்னும் சுற்றியிருந்தது.

"திங்கக்கிழமை உத்தரவாதம் குடுத்த ஐயாதானே நீங்க?"

"நான்தான்."

"இன்னைக்கு என்ன, தங்கம் பித்தளையாயிடுச்சா?"

"அளவு தப்பு. என் கயிறு தப்பு. பிள்ளை ஆறு மீட்டர்ல நின்னிருக்கணும். நான் கிட்டத்துல நிக்க வச்சிட்டேன்" என்றேன். வாழ்க்கையில் முதல் முறையாக என் அளவு தப்பு என்று ஒரு வெளியாளிடம் சொன்னேன். நாக்கு அந்த வார்த்தையைத் தேடிப் பிடிக்கவே நேரமாயிற்று.

அவர் நம்பவில்லை. "டீச்சர் கூப்பிட்டாங்களா? பிள்ளையை நிறுத்தி வைக்கணும்னு எல்லாருமாச் சேந்து பேசி வந்திருக்கீங்களா?"

"பேசவே இல்லீங்க" என்றாள் மனைவி. "வழியெல்லாம் நாங்க வாந்திதான் எடுத்தோம்." கயிற்றை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "நீங்க கடல்ல கயிறு அளக்குறவங்க. நீங்களே பாருங்க."

அவர் இரண்டு கையையும் விரித்துப் பாகம் போட்டார். ஒன்று, இரண்டு, அப்புறம் கால். அறுத்த நுனியை முகர்ந்து பார்க்காத குறையாகப் பார்த்தார். மனைவி அவர் விரித்த கையை டேப்பால் அளந்தாள். "உங்க பாகம் ஒரு மீட்டர் எழுபத்தேழு. ஆறு மீட்டர்னா உங்க கைக்கு மூணு பாகம், அதுக்குமேல ஒன்றரை முழம். கையில இருக்கிறது ரெண்டே கால், அதாவது நாலு மீட்டர்."

"திங்கக்கிழமை இன்னும் ஒரு சாண் கூட இருந்துச்சு" என்றார் கேப்டன், நேர்மையாக. "திரும்பி வந்தப்புறம் ஒரு தடவை அறுத்தேன்."

அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீரெல்லாம் படகு ஓட்டுறீரு."

மனைவி அட்டையிலிருந்து டேப் பிடித்தாள். நாலே கால் மீட்டரில் ஒரு கோடு. வாசலைத் தாண்டி, முற்றத்தில், ஆறு மீட்டரில் ஒரு கோடு. இரண்டையும் அப்பாதான் குதிகாலால் போட்டார். ரேடியோ முதல் கோட்டில் நின்றாள். இடுக்கி, சாய்த்து, ஐந்துக்கு நாலு. திங்கட்கிழமை மாதிரியே. பிறகு வெளியே போய் இரண்டாம் கோட்டில் நின்றாள். கோப்பையை வைத்தாள். விரலை நீட்டினாள். தப்பு. மறுபடி தப்பு. மூன்றாவதுக்கு விரல் எந்தப் பக்கமும் போகாமல் நடுவில் நின்றது.

"சார், அட்டையைக் கழுவிட்டீங்களா?" என்றாள்.

நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அதற்குள் அப்பா, "நடிக்கிறா" என்றார். "நாளைக்குப் போகணும்னு ராத்திரியெல்லாம் அழுதா. போகாம இருக்க இதான் வழின்னு புரிஞ்சுகிட்டா. நேத்து வீட்டுல வலைக் கண்ணி ஒண்ணு விடாம பின்னுனா. அவ்வளவு சின்னதைப் பாக்குற கண்ணுக்கு இது எப்படித் தெரியாமப் போகும்?"

கிட்டப் பார்வை சரியாக இருந்து தூரம் மங்கலாகத் தெரியும் கண்ணும் உண்டு என்று நர்ஸம்மா விளக்கினார். அப்பாவின் முகம் இளகவில்லை. நியாயம்தான். ஒரு தடவை எங்களை நம்பி என்ன கிடைத்தது?

நர்ஸம்மா பெட்டியிலிருந்து ஒரே மாதிரி பிரேம் போட்ட இரண்டு கண்ணாடிகளை எடுத்து, அவரைச் சுவரோரம் அழைத்துப்போய்க் காதில் ஏதோ சொன்னார். பிறகு எங்களிடம் வந்து, "இதை அவரே பாக்கட்டும்" என்றார்.

அப்பா மகளிடம் போனார். முதல் கண்ணாடியை அவரே மாட்டிவிட்டார். பழக்கமில்லாத கை, காதுக்குப் பதில் தலைமுடியில் மாட்டி, மறுபடி எடுத்து மாட்டினார்.

"இது பெரிய ஆஸ்பத்திரிக் கண்ணாடி. எல்லாம் பளிச்சுன்னு தெரியும். காட்டு."

ரேடியோ எவ்வளவோ முயன்றாள். நடிக்கிறவளாக இருந்தால் அந்தப் பேச்சை நம்பி எல்லாவற்றையும் சரியாகக் காட்டியிருப்பாள். இவள் உதட்டைக் கடித்துக்கொண்டு பாடுபட்டாள். ஒன்று சரி, நாலு தப்பு. அது வெறும் கண்ணாடி. பவர் இல்லாதது.

அப்பா அதைக் கழற்றி, இரண்டாவதை மாட்டினார். "இது சும்மா. இதுலயும் ஒரு தடவை பாரு" என்றார். அட்டையருகே வந்து நின்றுகொண்டார்.

விரல் நேரே போயிற்று. மேலே. இடப்பக்கம். கீழே. கீழே. வலப்பக்கம். ஐந்துக்கு ஐந்து. கண் இடுங்கவே இல்லை. யாரும் கேட்காமலே அதற்கடுத்த வரியையும் காட்டத் தொடங்கினாள். அது முடிந்ததும் அட்டையை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பார்க்க ஆரம்பித்தாள்.

"டீச்சர், போர்டுல மேல தேதி போட்டிருக்கீங்க. தினமும் போடுவீங்களா?"

"தினமும்தாம்மா" என்றார் டீச்சர்.

"சார் சட்டையில பொத்தான் மாத்திப் போட்டிருக்காரு."

குனிந்து பார்த்தேன். அவசரத்தில் ஒரு பொத்தான் தள்ளிப் போட்டிருந்தேன். காலையிலிருந்து யாரும் சொல்லவில்லை. மனைவிக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

அப்புறம் ரேடியோ அப்பாவைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்பா, உன் மீசையில நரை இருக்கு."

அவர் கை மீசைக்குப் போயிற்று. விரலில் சுற்றியிருந்த வலைநூல் அதில் சிக்கிக்கொண்டது. எடுக்கவில்லை. அறைக்குள் முதல் கோட்டுக்கும் வெளியே இரண்டாம் கோட்டுக்கும் நடுவில் இருந்த இடத்தைப் பார்த்தபடி வாசற்படியில் உட்கார்ந்தார். அவர் ஆள் நீளம்தான் அந்த இடம்.

"பாத்து எழுதலேன்னு ரெண்டு வருஷமா கையிலயே அடிச்சேன் டீச்சர்" என்றார்.

டீச்சர் அவர் பக்கம் திரும்பாமல், "நானும் கடைசி வரிசையிலதானே உக்கார வச்சேன்" என்றார்.

என் பங்குக்கு நானும் ஏதாவது சொல்ல வாயெடுத்தேன். மனைவி என் காலை மிதித்தாள். எங்கள் நாற்பது வருஷத்தில் அவள் மிதித்த மிதிகளிலேயே சரியான அளவு அதுதான்.

சரியான கண்ணாடி செய்து வரும்வரை அந்த ரெடிமேட் கண்ணாடியையே போட்டுக்கொள்ளச் சொல்லி நர்ஸம்மா ரிஜிஸ்டரில் எழுதினார். அப்பா எழுந்து கேப்டனிடம் போனார். "அக்கரையில என் தங்கச்சியைப் பாத்தா, குழந்தைங்களைப் பாத்துக்க வேற ஆள் தேடச் சொல்லும். இதையாவது அறுக்காமக் கொண்டுபோய்ச் சேரும்."

"ஒரு வார்த்தைகூடக் குறையாது" என்றார் கேப்டன்.

டீ குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று அப்பா எங்களை வீட்டுக்கு அழைத்துப்போனார். ஒரே அறை. நடுவில், மறுநாள் லாஞ்சுக்காக ரேடியோவின் தகரப்பெட்டி தயாராக இருந்தது. உள்ளே துணியும் ஒரு சீப்பும் பாதி எழுதிய நோட்டும் என்று அவளுடைய அம்மா சொன்னார். சொல்லும்போதே அதைத் திறந்து சீப்பையும் நோட்டையும் எடுத்து வெளியே வைத்துவிட்டார். துணியை எடுக்கவில்லை, அது விருந்துக்குப் போகும்போது போடுகிற துணி, பெட்டியிலேயே இருக்கட்டும் என்றார்.

"ஐயா, அந்தக் கயிறு உங்களுக்கு இன்னும் வேணுமா?" என்று அப்பா கேட்டார்.

மீதி முன்னூற்று இரண்டு பிள்ளைகளையும் மனைவியின் டேப்பால் அளப்பது என்று படகிலேயே முடிவாகியிருந்தது. டேப்பை அவளே பிடிப்பாள். நான் கோப்பை எடுத்துக் கொடுக்கலாம். "வேண்டாம்" என்றேன்.

அவர் பெட்டியைத் தூக்கி, கூரை உத்திரத்தில் தொங்கவிட்டு, என் கயிற்றால் இறுக்கினார். ஒரு முடிச்சு, அதன்மேல் இன்னொரு முடிச்சு, அதன்மேல் இன்னொன்று. கடலில் பாதி ஆயுளைக் கழித்தவர் போடுகிற முடிச்சு. எந்த லாஞ்சுக்கும் அவிழாது. பழக்க தோஷத்தில் கேப்டனின் கை இடுப்புக் கத்திக்குப் போயிற்று. மனைவி ஒரு பார்வை பார்த்தாள். கை திரும்பி டீ டம்ளரை எடுத்துக்கொண்டது.

வாசலில் நின்று, புதுக் கண்ணாடியோடு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்த ரேடியோ, உத்திரத்திலிருந்து தொங்கிய ஈய வில்லையை நிமிர்ந்து பார்த்தாள்.

"சார், அதுல ஆறுன்னு போட்டிருக்கு" என்றாள். "ஆனா நாலுதான்."